பழைய டீஸல் லாரி: இஞ்சின் சுழன்றும் கிளம்பாதபோது செய்ய வேண்டிய பரீட்சைகள்

விளைவித்த பொருளை உரிய காலத்தில் உரிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தின் ஓர் அங்கமேயாகும். கரும்பை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலையில் ஆட்டிவிடுவது உத்தமம். தாமதம் ஏற்பட ஏற்பட அதன் எடையும் குறையும். அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் குறையும். தக்காளி, கீரை, வெற்றிலை முதலியன ஒரு நாள் வெயிலையும் தாங்கா. ஆகையால் சரக்கு ஏற்றிய லாரி விடியற்காலையில் கிளம்ப மறுக்குமாயின், அது வண்டிக்காரரின் கஷ்டம் மாத்திரமன்று. பல குடும்பங்களின் ஓராண்டு உழைப்பே அந்த லாரியின்மேல் காத்துக் கிடக்கிறதென்று கொள்ளவேண்டும்.

வயலுக்கும் ஆலைக்கும் இடையே, வயலுக்கும் சந்தைக்கும் இடையே ஓடும் லாரிகளில் பல, ஆண்டு பல சென்றவை. இவற்றில் அடிக்கடி காணப்படும் கோளாறு யாதெனில், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுழற்றுகிறது. ஆயினும் இஞ்சின் தானாக ஓடத் தொடங்குவதில்லை. இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டே காரியங்கள். ஒன்று, பாட்டரி ஓயும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, கைக்கு எட்டிய பாகத்தைக் கழற்றத் தொடங்குவது. இரண்டும் நஷ்டத்திற்கே வழி. சுழன்றும் கிளம்பாத இஞ்சினில் கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் சிலவே. அவற்றை ஒழுங்கான வரிசையில், செலவில்லாத பரீட்சையை முன்னும் செலவுள்ளதைப் பின்னுமாகச் செய்து வந்தால், பெரும்பாலான சமயங்களில் இரண்டொரு ஸ்பானர்களைக் கொண்டே காரணத்தைக் கண்டுவிடலாம். அவ்வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குக் கூறப்படுபவை, பம்பினால் டீஸலைச் செலுத்தும் பழைய மாதிரி லாரிகளுக்கே பொருந்தும். கணினி மூலம் டீஸலைப் பங்கிடும் புது மாதிரி வண்டிகளில் குழாய்களுக்குள் 1,000 அட்மாஸ்பியருக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. அவற்றின் குழாய் நட்டுகளை எக்காரணம் பற்றியும் தளர்த்தலாகாது.

இஞ்சின் கிளம்புவதற்கு வேண்டியவை

பெட்ரோல் இஞ்சினில் ஒரு மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீஸல் இஞ்சினில் அவ்வாறு பொறி கிடையாது. ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானிய இஞ்சினீயர் 1893-ம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை வேறு. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து சுமார் பதினாறில் ஒரு பங்கு அளவிற்கு நெருக்குகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவதைப் பலரும் அறிவர். அதுபோலவே, நெருக்குண்ட காற்று சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறுகிறது. அந்தச் சமயத்தில் இன்ஜெக்டர் என்னும் ஊசித்துளை வழியே, ஏறத்தாழ 200 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் டீஸல் பனிபோலத் தூவப்படுகிறது. 250 டிகிரிக்குள்ளாகவே பற்றிக்கொள்ளும் இயல்புடைய டீஸல், அந்தச் சூட்டில் தானே எரிகிறது.

இதிலிருந்து டீஸல் இஞ்சினுக்கு வேண்டியவை மூன்று என்று விளங்கும். முதலாவது, போதிய காற்று. இரண்டாவது, அக்காற்றைச் சூடேற்றுவதற்கு வேண்டிய வேகமும் நெருக்கமும். மூன்றாவது, காற்றுக் குமிழியும் நீரும் கலவாத சுத்தமான டீஸல், சரியான நொடியில் வந்து சேர்தல். சுழன்றும் கிளம்பாத இஞ்சினில் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைவுபட்டிருக்க வேண்டும். வேறு மாயம் ஒன்றுமில்லை.

டீஸலை அளந்து செலுத்தும் பம்பை ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927-ல் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினர். நம் நாட்டில் ஜம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனியார் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவுடன் 1954 முதல் லாரிகளைச் செய்தனர். சென்னைக்கு அருகில் எண்ணூரிலிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. பம்பு செய்யும் தொழிலும் பெங்களூரில் 1951-ல் நிறுவப்பட்ட மைக்கோ கம்பெனியினால் நம் நாட்டில் வேரூன்றியது. இவ்வழியில் வந்த பழைய லாரிகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றைப் பரீட்சிக்கக் கற்றவர் மற்றொன்றையும் பரீட்சிக்கக்கூடும்.

தொடங்குமுன் செய்யவேண்டியது

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பீடி, சுருட்டு, மண்ணெண்ணெய் விளக்கு முதலியன அருகில் இருத்தலாகாது. பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறியாலும் வெடிக்கக்கூடியது. ஸ்டார்ட்டரை ஒருமுறைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் இயக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இடையே 2 நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும். இவ்விதியை மீறினால் ஸ்டார்ட்டரின் சுருள் கருகும். ஒரு கோளாறு இரண்டு கோளாறாகும்.

முதற் பரீட்சை: எவ்வாறு சுழல்கிறது?

இஞ்சின் சுழல்வது வேறு. கிளம்பத்தக்க வேகத்தில் சுழல்வது வேறு. நிமிஷத்திற்கு ஏறத்தாழ 100 சுற்றுக்குக் குறைந்தால் காற்று போதிய சூடு பெறாது. நெருக்கிய காற்றின் சூட்டைச் சிலிண்டரின் குளிர்ந்த சுவர்கள் உறிஞ்சிவிடும். பிஸ்டன் ரிங்குகளின் பக்கமாகக் காற்றும் கசிந்துவிடும். ஆகையால் வழக்கத்தைவிட மெதுவாகச் சுழல்கிறதா என்பதைக் காதால் கேட்டு முதலில் நிச்சயிக்க வேண்டும்.

மெதுவாகச் சுழலுமாயின், முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்க்கவும். விளக்குகள் முற்றும் மங்கினால் பாட்டரியில் சக்தி இல்லை என்றோ, அதன் முனைகள் பாசி பிடித்துள்ளன என்றோ கொள்ளலாம். விளக்குகள் பிரகாசமாகவே இருக்க, ஸ்டார்ட்டர் மட்டும் சோர்ந்தால் அதற்குச் செல்லும் கம்பியிலோ ஸ்டார்ட்டரிலோ கோளாறு. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சை நிறப் பொருளை, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, முனைகளைச் சுரண்டி இறுக்கி, மேலே வாஸ்லீன் தடவவேண்டும். இஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் பூமித் தொடர்புப் பட்டையையும் மறவாமல் பார்க்க வேண்டும். மூன்று நான்கு முறை ஸ்டார்ட்டரை இயக்கியபின் எந்த இணைப்பு கைக்குச் சுடுகிறதோ, அங்கேதான் தடை இருக்கிறது.

ஹைட்ரோமீட்டர் இருந்தால் பாட்டரியின் ஒவ்வோர் அறையையும் அளக்கலாம். 1.250-க்கு மேல் காட்டினால் நல்ல நிலை, 1.200 அளவில் ஏறத்தாழப் பாதிச் சக்தியே உள்ளது. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் 0.050 வித்தியாசம் இருந்தால் அந்த அறை பழுதுற்றதென அறியலாம். வோல்ட்மீட்டர் வைத்திருப்பவர், ஸ்டார்ட்டர் சுழலும்போது 12 வோல்ட் பாட்டரி 9.5-க்கும், 24 வோல்ட் அமைப்பு 19-க்கும் கீழ் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்கவும். மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுப்பவர்கள், இரு வண்டிகளும் ஒரே வோல்ட் அளவுடையனவா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

இதற்கு மாறாக, இஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகவும் இலேசாகவும், ஏற்றத்தாழ்வு ஓசையின்றியும் சுழலுமாயின் நெருக்கம் இல்லை என்பது பொருள். வால்வுகளை இயக்கும் பற்சக்கரம் முதலியவை பழுதுற்றிருக்கலாம். மேலும் சுழற்றாமல் மெக்கானிக்கை அழைப்பதே நலம்.

இரண்டாம் பரீட்சை: நிறுத்தும் கம்பி

டீஸல் இஞ்சினைச் சாவி நிறுத்துவதில்லை. டீஸலை அடைப்பதே நிறுத்துகிறது. பல பழைய லாரிகளில் ஓட்டுபவர் ஒரு கம்பியை இழுக்க, பம்பிலுள்ள சிறு நெம்புகோல் நகர்ந்து டீஸல் தடைப்படுகிறது. அந்தக் கம்பி துருவேறியோ, உறைக்குள் இறுகியோ திரும்பாமல் நின்றுவிட்டால், இஞ்சினை நாள் முழுதும் சுழற்றினாலும் ஒரு சொட்டு டீஸலும் உட்செல்லாது. ஒருவர் உள்ளிருந்து கம்பியை இழுத்துத் தள்ள, மற்றொருவர் பம்பின் அருகே நின்று நெம்புகோல் முழுதும் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். சில வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் அடைப்பான் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அதில் 'டக்' என்ற ஓசை எழவேண்டும். எழாவிடில் அதற்குச் செல்லும் கம்பியையும் பியூஸையும் பார்க்கவும். காசு செலவில்லாத இப்பரீட்சையைச் செய்யாமல் பம்பைக் கழற்றியவர்கள் பலர்.

மூன்றாம் பரீட்சை: புகை

இஞ்சினைச் சுழற்றும்போது ஒருவர் பின்னே நின்று புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும். நாடி பிடித்துப் பார்ப்பது வைத்தியருக்கு எவ்வாறோ, அவ்வாறே புகையைப் பார்ப்பது இஞ்சினைப் பரீட்சிப்பவருக்கு.

புகையே இல்லையெனில், டீஸல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. வெண்மையான புகையும் பச்சை டீஸலின் நெடியும் இருந்தால், டீஸல் வருகிறது, ஆனால் எரியவில்லை. கறுத்த புகை வந்தால், டீஸல் எரிகிறது, ஆனால் காற்றுப் போதவில்லை. இம்மூன்றில் எது என்று தெரிந்துகொண்டால் மேற்கொண்டு எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பது தானே விளங்கும்.

புகை இல்லாதபோது: டீஸல் வரும் வழி

பழைய லாரிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. டீஸல் தொட்டியிலிருந்து உறிஞ்சு குழாய் வழியாகப் பீட் பம்பிற்கும், அங்கிருந்து பில்டர்களுக்கும், பின் பெரிய பம்பிற்கும், கடைசியாக இரும்புக் குழாய்கள் வழியே இன்ஜெக்டர்களுக்கும் செல்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் மடையிலிருந்து தொடங்கிப் பார்த்துக்கொண்டு வருவதுபோல, தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

தொட்டியில் டீஸல் உள்ளதா என்பதை முள்ளைப் பார்த்து நம்பாமல் குச்சி விட்டுப் பார்க்கவும். மூடியிலுள்ள காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருந்தால் டீஸல் இறங்காது; மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உட்புகுமாயின் அத்துளையே காரணம். அடுத்து, உறிஞ்சு குழாயின் ரப்பர் பகுதி வெடித்திருக்கிறதா, கவ்விகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கவும். இந்தக் குழாயில் வெளிப்பக்கம் டீஸல் கசிய வேண்டுமென்பதில்லை. உறிஞ்சும் பக்கமாகையால் டீஸல் வெளிவருவதற்குப் பதிலாகக் காற்று உட்செல்லும். ஆகவே ஈரமில்லாத இடத்திலும் ஓட்டை இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டீஸல் வழியிற் புகுந்த காற்றே இங்குப் பெரும் பகைவன். டீஸலை நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். பம்பு தள்ளும்போது குழாயிலுள்ள காற்றுக் குமிழி சுருங்கி விரிவதல்லாமல், இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் உண்டாவதில்லை. தொட்டி வறண்டுபோன பின்பும், பில்டர் மாற்றிய பின்பும், வண்டி நெடுநாள் நின்ற பின்பும் இது நேரும்.

காற்றை வெளியேற்றும் விதம் பின்வருமாறு. பில்டரின் தலைப்பிலுள்ள சிறு திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பிலுள்ள கைப்பம்பின் குமிழை மேலும் கீழும் அடிக்கவேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியற்ற டீஸல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்கவும். பிறகு பெரிய பம்பிலுள்ள திருகையும் அவ்வாறே செய்யவும். கைப்பம்பின் குமிழை மீண்டும் அழுத்தித் திருகி மூடவேண்டும். இதன் பின்பும் கிளம்பாவிடில், இரண்டு மூன்று இன்ஜெக்டர்களின் தலையிலுள்ள குழாய் நட்டுகளை, பெரும்பாலும் 17 அல்லது 19 மில்லிமீட்டர் ஸ்பானரால், அரைச் சுற்றுத் தளர்த்தி, இஞ்சினைச் சுழற்றச் செய்து, டீஸல் துளித்துளியாகத் தெறிக்கத் தொடங்கியதும் இறுக்கவும். அநேக இஞ்சின்கள் இந்நிலையில் ஓடத் தொடங்கிவிடும்.

கைப்பம்பை எவ்வளவு அடித்தும் டீஸல் வராவிடில், பீட் பம்பின் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவவும். சல்லடை சுத்தமாயிருந்தும் வராவிடில் கைப்பம்போ பீட் பம்போ தேய்ந்திருக்கலாம். பில்டருக்கு முன் தாராளமாக வந்து, பின் வராவிடில் பில்டர் அடைபட்டுள்ளது.

குமிழி ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால் எங்கோ காற்று புகுகிறது. இதனைத் தெளிய ஓர் எளிய வழி உண்டு. சுத்தமான தகரக் குவளையில் டீஸல் நிரப்பி, பம்பைவிட உயரமான இடத்தில் கட்டி, புதிய குழாய் ஒன்றினால் பீட் பம்பின் வாய்க்கு நேராக இணைத்துப் பார்க்கவும். இதனால் இஞ்சின் ஓடினால், கோளாறு தொட்டிக்கும் பீட் பம்பிற்கும் இடையே உள்ளது என்பது நிச்சயம். ஓடாவிடில் அவ்விடத்தைவிட்டு முன்னே செல்லலாம். செப்பு வாஷர்கள் பழசாகித் தட்டையானால் எவ்வளவு இறுக்கினாலும் காற்றை விடும். அவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு அற்பமே.

வெண்புகை வரும்போது

டீஸல் வந்தும் எரியாமைக்குக் காரணங்கள் ஐந்து. அவற்றில் இரண்டு மேலே கூறப்பட்டன: மெதுவாகச் சுழல்வது ஒன்று, டீஸலுடன் சிறிது காற்று கலந்து வருவது மற்றொன்று.

மூன்றாவது, டீஸலில் நீர் கலந்திருத்தல். பில்டரின் அடித்திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் புட்டியிற் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைக்கவும். நீர் அடியில் தங்கித் தெளிவாகப் பிரிந்து நிற்கும். நீர் கண்டால் தொட்டியையும் வடித்துச் சுத்தம் செய்யாமல் மேற்கொண்டு சுழற்றலாகாது; அந்நீர் பம்பின் நுண்ணிய பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும்.

நான்காவது, குளிர். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மார்கழி, தை மாத விடியற்காலங்களில் இது அதிகம். சில இஞ்சின்களில் சிலிண்டருக்கொன்றாகச் சூடேற்றும் பிளக்குகளோ, காற்றுக் குழாயில் ஒரு சூடேற்றியோ இருக்கும். அவை வேலை செய்கின்றனவா என்பதை ஒரு சோதனை விளக்கைக் கொண்டு அறியலாம். அவை இல்லாத இஞ்சின்களும் பல உண்டு. தம் வண்டியில் உண்டா என்பதை உடையவர் முன்னரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, நெருக்கமோ நேரமோ தவறியிருத்தல். வால்வு இடைவெளி குறைந்திருந்தால் வால்வு முழுதும் மூடாது. ரிங்குகள் தேய்ந்திருந்தால் காற்று கீழே இறங்கும். பம்பை இஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகள் நழுவினால் டீஸல் தவறான நொடியில் தூவப்படும். கப்ளிங்கிலும் பம்பின் உடலிலும் உள்ள கோடுகள் முன்போல் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கவும். இவற்றைச் சீர்செய்வது பழகிய கைக்குரிய வேலை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வெண்புகையில் டீஸல் நெடிக்குப் பதிலாக நீராவியின் தன்மை இருந்து, ரேடியேட்டரில் குமிழி எழுந்து, இஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்குமாயின், ஹெட் கேஸ்கெட் பழுதுபட்டு நீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. நீரை நெருக்க முடியாதாகையால், மேலும் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். உடனே நிறுத்திவிட வேண்டும்.

கறும்புகை வரும்போது

காற்று செல்லும் வழியைப் பார்க்கவும். காற்றுப் பில்டரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு ஒருமுறை சுழற்றினால் உண்மை விளங்கும். அறுவடைக் களத்தில் நின்ற வண்டியாயின் உமியும் தூசியும் அடைத்திருக்கும். பல மாதம் நின்ற வண்டியின் காற்றுக் குழாயில் எலி வைக்கோலை அடைத்திருத்தலும், புகைக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருத்தலும் சாதாரணம். ஆனால் பில்டரின்றி வண்டியை ஓட்டிச் செல்வது கூடாது. வழித்தூசி சில நாட்களிலேயே சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

செய்யத் தகாதவை

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயின் வாயில் பிடித்தும், ஈதர் தெளித்தும் இஞ்சினைக் கிளப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இவை நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையும் ரிங்குகளையும் உடைக்கும். சூடேற்றும் பிளக்கு உள்ள இஞ்சினில் தீ வெளியே பாய்ந்து முகத்தையும் கையையும் சுடும்.

சரிவில் தள்ளிவிட்டுக் கிளப்பப் பார்ப்பது இதனினும் ஆபத்து. காற்றுப் பிரேக்கு உள்ள லாரியில் இஞ்சின் ஓடினாலன்றிக் காற்றுச் சேமிப்பு நிரம்பாது. நிரம்பாத வண்டி சரிவில் உருளத் தொடங்கினால் அதை நிறுத்துவதற்கு மிதிப் பிரேக்கு உதவாது. சரக்கு ஏற்றிய லாரியாயின் வழியில் நிற்பவர்களின் கதி என்னாகும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீஸலைக் கையால் தொட்டுப் பார்க்கலாகாது. அந்த அழுத்தத்தில் டீஸல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றும். முதலில் வலியும் இராது. சில மணி நேரத்தில் சதை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரும். அவ்வாறு நேர்ந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீஸல் உட்புகுந்த செய்தியை மருத்துவரிடம் தெளிவாகக் கூறவேண்டும்.

வரிசை தவறினால் நேர்வது

எமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில், நால்வர் கூடி வைத்திருந்த பழைய லாரி, கரும்பு ஏற்றிய நிலையில் ஒரு விடியற்காலை கிளம்ப மறுத்தது. இரண்டு பாட்டரிகளும் ஓயுமட்டும் சுழற்றினர். பின்பு பம்பே பழுதென்று தீர்மானித்து, அதைக் கழற்றிப் பட்டணத்திற்கு அனுப்பினர். அது திரும்பி வந்து பொருத்தப்பட்ட பின்பும் கிளம்பவில்லை. மூன்றாம் நாள், தொட்டியின் அருகே கவ்விக்குக் கீழ் ரப்பர்க் குழாய் நெடுக வெடித்திருந்தது காணப்பட்டது. ஒரு முழம் குழாய் மாற்றியும் உடனே ஓடவில்லை. ஏனெனில், குறியிடாமல் கழற்றிய பம்பு நேரம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. முதலில் இருந்தது ஒரு கோளாறு. மற்றவை அவசரத்தால் உண்டாக்கிக்கொண்டவை. இதற்குள் கரும்பு வெயிலில் காய்ந்து, வேறு லாரிக்கு வாடகையும் கொடுக்க நேர்ந்தது. புகைக்குழாயை ஒருவர் பார்த்திருந்தால் புகையில்லை என்பது தெரிந்திருக்கும். கைப்பம்பை அடித்திருந்தால் குமிழி தெரிந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இஞ்சினுக்கும் பொருந்தும்.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய சமயங்களும் உண்டு. அப்போதும், "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "வேகமாகச் சுழல்கிறது, நிறுத்தும் கம்பி சரியாக உள்ளது, புகையில்லை, கைப்பம்பை அடித்தால் நுரை நிற்கவில்லை" என்று கூறுபவருக்கு வேலையும் சீக்கிரம் முடியும். வேண்டாத பாகங்களுக்குப் பணமும் விரயமாகாது.

முன்கூட்டிக் காத்தல்

அறுவடைக் காலம் தொடங்குமுன் டீஸல் பில்டர்களை மாற்றி, ஒரு ஜோடி பில்டர், சில செப்பு வாஷர்கள், இரண்டடி ரப்பர்க் குழாய், கவ்விகள், பொருத்தமான ஸ்பானர்கள் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. பாதி வெறுமையான தொட்டியில் இராக்குளிரில் காற்றின் ஈரம் நீராகப் படியும். பீப்பாயில் டீஸல் சேமிப்பவர்கள் அதை நிழலில், மழைநீர் மூடியின்மேல் தேங்காதவாறு சாய்த்து வைத்து, அடியிலுள்ள மூன்று அங்குலத்தை விட்டு மேலாக எடுத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீஸல் பம்பிற்கு வழவழப்பைக் கொடாது. அதை மலிவென்று வாங்குவது பின்னர் பெருஞ்செலவாகும்.

கூட்டாக லாரி வைத்திருக்கும் சங்கத்தாரும் குழுவினரும், பில்டர் மாற்றிய தேதி, பாட்டரிக்கு நீர் ஊற்றிய தேதி, முன் நேர்ந்த கோளாறு ஆகியவற்றைக் குறிக்க ஒரு சிறு புத்தகம் வைத்தல் வேண்டும். பலருடைய வண்டி எவருடையதுமாகாமல் போவது இக்குறிப்பு இல்லாததாலேயே. கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன் நடக்கும் கூட்டங்களில் இதை நினைவூட்டுவார்களாயின் அது பெரிய உதவியாகும்.

முடிவாக, வரிசையை மீண்டும் சுருக்கிக் கூறுவோம். முதலில் சுழலும் வேகம், அடுத்து நிறுத்தும் கம்பி, அடுத்துப் புகை. புகையில்லையேல் தொட்டியிலிருந்து டீஸல் வழி. வெண்புகையாயின் வேகம், காற்றுக் குமிழி, நீர், குளிர், நெருக்கம். கறும்புகையாயின் காற்று வழி. ஒரு படிக்கு விடை கிடைக்காமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. குறியிடாமல் எதையும் கழற்றலாகாது. இவ்வரிசையை ஒரு தாளில் எழுதி வண்டியின் முன்கதவின் உட்புறம் ஒட்டி வைத்தால், கரும்பு காத்திருக்கும் விடியற்காலையில் அது நல்ல துணையாக உதவும்.